டோஸ்டில் நடுத்துண்டு: லிஸ்பனில் ஆறு காலைகள்

செவ்வாய்

நேற்று இரவு லிஸ்பனில் வந்து இறங்கினோம், நானும் சித்தியும். அறை அஞ்சூஷ் பகுதியில், மெட்ரோவின் பச்சைத் தடத்தை ஒட்டி. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலை உணவும் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே இரண்டும் எனக்குத் தெரியும். சித்தியிடம் இரண்டாவதை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அதற்கு அவர் பதிலாகக் கொண்டு வந்தது ஒரு குட்டி மின்கெட்டிலும் எட்டு உப்புமா பொட்டலங்களும். நான் கெஞ்சிக் கேட்டு ஒரு ஒப்பந்தம் போட்டேன். ஆறு நாளும் காலைச் சாப்பாடு வெளியேதான். பிடிக்கவில்லை என்றால் ராத்திரி உப்புமா கிண்டிக்கொள்ளலாம். கோட்டை கொத்தளம் எல்லாம் பார்க்கத்தான் போகிறோம், ஆனால் அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காலைச் சாப்பாட்டை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

நாலு மணிக்கே இருவருக்கும் முழிப்பு. ஊரில் அப்போது எட்டரை, வயிறு ஊர்க் கணக்கில்தான் ஓடுகிறது. அக்டோபரில் இங்கே ஏழு மணிக்கும் விடிவதில்லை. தெரு இருட்டாகவே இருக்க, முக்குக் கடையில் மட்டும் வெளிச்சம். பேக்கரியும் காபிக் கடையும் சேர்ந்த இந்த மாதிரிக் கடைக்குப் பஷ்தெலரியா என்று பெயர். ஏறக்குறைய ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று இருக்கிறது, நம் ஊர் டீக்கடை போல.

உள்ளே ஆறேழு பேர் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கால்சட்டை முழுக்க பெயிண்ட் தெறிப்பு. வந்தார், 'பொம் தியா' என்றார், அவ்வளவுதான். சின்னக் கோப்பையில் காபி வந்தது. சர்க்கரைப் பொட்டலத்தை உதறிக் கிழித்துப் போட்டார், கலக்கினார், இரண்டு மடக்கு, சில்லறையை வைத்தார், போய்விட்டார். மொத்தம் மூன்று நிமிடம்கூட இருக்காது. காலை உணவை இவர்கள் பெக்கேனு அல்மோசு என்கிறார்கள். 'சின்ன மதியச் சாப்பாடு' என்று அர்த்தம். சின்னது என்றால் இவ்வளவு சின்னதா என்று சித்தி கேட்டார்.

அவருக்குப் பால் காபி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சொல் கலாவ், அதையே சொன்னேன். உயரமான கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை வந்தது. கைப்பிடி இல்லை, டவரா இல்லை, தொட்டால் சுடுகிறது. சித்தி சால்வை நுனியால் பிடித்துக் குடித்துப் பார்த்தார். "பாலுக்குக் காபியைத் தூரத்துல இருந்து காட்டியிருக்கான்" என்றார். உண்மைதான். கலாவில் கால்பங்கு காபி, முக்கால்பங்கு பால். அவர் தேடுவது மையா த லைத், அதாவது பாதிக்குப் பாதி பால், கைப்பிடி வைத்த கோப்பையில். இதைக் கண்டுபிடிக்க இன்னொரு காபி வாங்க வேண்டியிருந்தது.

அப்புறம் தொர்ராதா. வெண்ணெய் தடவிய டோஸ்ட்தான், அதைப் போய் என்ன எழுதுவது என்று நினைத்தேன். ஆனால் விரற்கடை தடிமனுக்கு வெட்டிய ரொட்டி, இரண்டு துண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. உப்பு வெண்ணெய் மேலே பூசின மாதிரி இல்லை, உள்ளே இறங்கி, அடித்துண்டு வரை ஊறியிருந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதைக் கத்தியால் நெடுக்க மூன்றாக வெட்டித் தருகிறார்கள். ஓரத்துத் துண்டுகளில் பக்கவாட்டில் கருகல் தோல் இருக்கும். நடுத்துண்டில் மேலும் கீழும் மட்டும்தான், மற்றதெல்லாம் மெத்து. ஒரு தட்டில் இரண்டே நடுத்துண்டு. இரண்டையும் சித்தி எடுத்துக்கொண்டார்.

மூன்று காபியும் ஒரு தொர்ராதாவும் சேர்த்து ஆறு யூரோவைத் தொடவில்லை. கிளம்பும்போது கவுண்டர்க்காரர் சித்தியைப் பார்த்து ஏதோ 'மெனினா' என்று முடித்தார். மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்தால் சிறுமி, சின்னப் பெண். இந்த ஊர்க் கடைகளில் எந்த வயதுப் பெண்மணியையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சித்திக்கு அறுபத்தாறு. நாலு மாடியும் முணுமுணுக்காமல் ஏறினார்.

புதன்

இன்று பெலேம். மெட்ரோவில் கைஷ் து சொத்ரே வரை போய், அங்கிருந்து 15 ஆம் எண் டிராம், ஆற்றை ஒட்டியே போகிறது.

லிஸ்பன் என்றதும் எல்லோரும் சொல்லும் முட்டைக் கஸ்டர்ட் பணியாரம் பஷ்தெல் த நாத்தா. ஊர் முழுக்கக் கிடைக்கும். சுருக்கமாக நாத்தா. "பேரு ஏட்டி இப்படி நாறுது?" என்று சித்தி நேற்றே கேட்டுவிட்டார். நாத்தா என்றால் பாலாடை. பெலேமில் இருக்கும் ஒரு கடை மட்டும் தன் பண்டத்தைப் பஷ்தெய்ஷ் த பெலேம் என்கிறது. அந்தப் பெயர் அவர்களுக்கு மட்டுமே உரியது. 1837 முதல் நடக்கும் கடை.

கதை பக்கத்திலிருக்கும் ஜெரோனிமுஷ் மடாலயத்தில் தொடங்குகிறது. 1834 இல் போர்ச்சுகலில் மடங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். வருமானம் போனது. மடத்தைச் சேர்ந்தவர்கள், பக்கத்தில் சர்க்கரை ஆலையோடு ஒட்டியிருந்த கடையில் இந்தப் பலகாரத்தை விற்க ஆரம்பித்தார்கள். செய்முறை கைமாறி இன்றைய கடைக்கு வந்தது. இன்றும் அது ஒரு பூட்டிய அறையில் சிலருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

வாசலில் நீண்ட வரிசை. அது பார்சலுக்கான வரிசை. அதைத் தாண்டி உள்ளே போனால் அறைக்குப் பின் அறையாக, சுவரெல்லாம் நீல வெள்ளை ஓடு பதித்த இடம் விரிந்துகொண்டே போகிறது. பத்து நிமிடத்தில் மேசை கிடைத்தது. வெளியே நிற்பவர்களுக்கு யாராவது சொல்லலாம்.

சூடாக நாலு வந்தது. மேசை மேலேயே பட்டைத்தூளும் சர்க்கரைத்தூளும் வைத்திருக்கிறார்கள். நான் தூவுவதற்கு முன் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். நத்தை ஓடு மாதிரி சுழி. வெண்ணெய் வைத்து மடித்து மடித்துத் தேய்த்த மாவைப் பாய் போலச் சுருட்டி, வட்டுகளாக நறுக்கி, அச்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மேலேற்றுவதால் வருகிற சுழி அது. கடித்தால் ஓடு நொறுங்கும் சத்தம் எதிரே இருப்பவருக்குக் கேட்கிறது. மேலே அங்கங்கே கருகல், அது பிழையல்ல, அடுப்பு அவ்வளவு சூடு. உள்ளே கஸ்டர்ட் தளதளவென்று. திகட்டும் என்று நினைத்தேன், இல்லை. பட்டை போட்டதும் வேறு பண்டமாகிவிடுகிறது. அந்தப் பட்டைக்காக இவர்கள் இலங்கைக்கே கப்பல் விட்டவர்கள், தாராளமாகத்தான் தூவுவார்கள்.

சித்தி இரண்டாவதைப் பாதி தின்றுவிட்டு, "இதுல வெள்ளைக்கரு எங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போர்ச்சுகல் மடத்துப் பலகாரங்கள் பெரும்பாலும் மஞ்சள்கருவும் சர்க்கரையும்தான். கன்னியாஸ்திரிகளின் உடுப்புக்குக் கஞ்சி போடவும் திராட்சை ரசத்தைத் தெளிய வைக்கவும் வெள்ளைக்கரு போய்விடும், மிஞ்சிய மஞ்சள்கரு பலகாரமாகும் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். எங்கள் தூத்துக்குடி மக்ரூனில் இதற்கு நேர்மாறு. வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் மட்டுமே, மஞ்சள்கருவுக்கு அங்கே வேலையில்லை. மக்ரூன் போர்த்துகீசியர் வழி வந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள். "அப்ப நம்ம மக்ரூன் கடைக்காரங்க மஞ்சக்கருவை இங்க அனுப்பலாம்" என்றார் சித்தி. மேசையைத் துடைக்க வந்தவர் எங்கள் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

பெலேமுக்கு வந்ததற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1554 இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது. கிறித்தவ மறைக்கல்வி நூல், தமிழும் போர்த்துகீசியமுமாக. தமிழ் எழுத்தில் அல்ல, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில். அச்சில் வந்த முதல் தமிழ் அதுதான். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வந்தது 1578 இல். லிஸ்பன் நூலை உருவாக்கிய மூவரும் தமிழர்கள்: விசேந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலு, தோமா த குரூஸ். பெயரைப் பார்த்தால் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்தாருக்குத் தெரியும், எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர் அப்படித்தான்.

அந்த நூலின் பிரதி ஒன்று மடாலயக் கட்டடத்திலேயே இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உண்டு. கடையிலிருந்து நடந்தால் சில நிமிடம். போய்ப் பார்த்தால் புதுப்பிப்பு வேலைக்காக மூடியிருந்தது. வாயிலில் பத்து நிமிடம் சும்மா நின்றோம். திறந்திருந்தாலும் கேட்டவுடன் எடுத்துக் காட்டியிருக்கப் போவதில்லை. இருந்தாலும் நின்றோம். பிறகு சித்தி திரும்பவும் கடைக்குப் போகலாமா என்றார். போனோம்.

வியாழன்

இன்று முக்குக் கடையில் தொர்ராதா, சித்திக்கு மையா த லைத், எனக்கு பிக்கா. பிக்கா என்பது லிஸ்பன்காரர்கள் எஸ்பிரெஸ்ஸோவுக்கு வைத்த பெயர். பத்து மணிக்கு ஷியாது பக்கம் போனோம். அங்கே 1905 இல் தொடங்கிய ஆ பிரசிலெய்ரா என்ற காபிக் கடை. வாசலில் கவிஞர் பெஸ்ஸோவா வெண்கலத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு காலி வெண்கல நாற்காலி. படம் எடுக்க அதில் உட்கார ஒரு வரிசை. பிக்கா என்ற சொல் இந்தக் கடையில்தான் பிறந்தது என்றும், 'இதைச் சர்க்கரையோடு குடியுங்கள்' என்ற வாசகத்தின் முதலெழுத்துகள் அவை என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். பிக்கா என்றால் தண்ணீர் விழும் குழாய் வாய் என்று அகராதியிலேயே இருக்கிறது. காபி இயந்திரத்தின் வாயைப் பார்த்தாலே போதும், கதை வேண்டியதில்லை.

காபியின் சுவை பற்றி ஒரு வார்த்தை. புளிப்பு இங்கே அவ்வளவாக இல்லை. கனமாக, லேசான கசப்போடு, மேலே நல்ல நுரை. ரொபஸ்டா கொட்டை கலப்பதுதான் காரணம். 1975 வரை அங்கோலா இவர்கள் கையில் இருந்தது. அங்கே விளைந்தது பெரும்பாலும் ரொபஸ்டா. நாடு கைவிட்டுப் போன பிறகும் நாக்கு மாறவில்லை. டிகிரி காபியில் வளர்ந்த எனக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சித்திக்கு இப்போது காபியில் ஆராய்ச்சி. நாலே விரல் உயரக் கோப்பைக்கு எத்தனை பெயர்! குறைத்து இறக்கினால் இத்தாலியானா, நிரப்பிக் கொடுத்தால் ஷையு, ஒரு சொட்டுப் பால் விட்டால் பிங்காது, பால் கொஞ்சம் கூடினால் கரோட்டு, அதாவது சின்னப் பையன். கரியோக்கா என்று ஒன்று. ஒரு முறை இறக்கிய தூளிலேயே மறுபடி தண்ணீர் விட்டு இறக்குவது. நான் விளக்கி முடிக்கவில்லை, "இரண்டாம் டிகாக்ஷன்" என்றார். அதேதான். நம் வீடுகளில் யாருக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், வெளியே சொல்ல மாட்டோம். இங்கே பெயர் வைத்துக் காசுக்கு விற்கிறார்கள்.

மதியத்துக்கு முன் ஒரு சதுக்கத்தில், பெயர் வேண்டாம், வெளியே குடை விரித்த மேசையில் உட்கார்ந்துவிட்டோம். கால் வலி. அதே இரண்டு காபி, முக்குக் கடை விலைக்கு மூன்று மடங்கு. பில்லோடு மல்லுக்கட்டப் போனால் பட்டியலைக் காட்டினார்கள். கவுண்டர், மேசை, வெளிமேசை என்று மூன்று பத்தியாக விலை. எழுதித்தான் வைத்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. ஆனால் அதில் நடுப்பத்தியின் தலைப்பு 'மேசா'. அதைப் பார்த்ததும் கோபம் பாதி குறைந்தது. மேசை அவர்களுடையது. ஜனெலா நம் சன்னல், ஷாவ் நம் சாவி, அர்மாரியு நம் அலமாரி. யாழ்ப்பாணத்தார் இன்னும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். கதய்ராதான் அவர்களின் கதிரை, பாவ் அவர்களின் பாண். சித்தி அறைக்குத் திரும்பும் வரை கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி "இது நம்மளுதா, அவங்களுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வெள்ளி

மழை. இந்த ஊர் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல், பல்லாண்டு கால் பட்டு வழுவழுவென்று ஆனது. ஈரமானால் சோப்பு. மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

சித்தி வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டார். மாற்றத்துக்காக தோஷ்தா மிஷ்தா சொன்னேன். 'கலப்பு டோஸ்ட்' என்று பெயர், கலப்பு என்றால் காய்கறி என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வந்ததை சித்தி பிரித்துப் பார்த்தார். பாலாடைக்கட்டிக்கு அடியில் இளஞ்சிவப்பாகப் பன்றி இறைச்சி. ஒன்றும் பேசாமல் மூடி என் பக்கம் தள்ளினார். அந்த மௌனத்துக்கு உப்புமாவே மேல். கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, 'சோ கைஜு' என்று சொல்லித் தந்தார். சீஸ் மட்டும். அந்த இரண்டு சொல்லையும் சித்தி கைப்பை டைரியில் எழுதி வைத்துக்கொண்டார்.

அதற்குள் அவர் கண் கண்ணாடிப் பெட்டியில் வேறொன்றில் விழுந்திருந்தது. பாவ் த தெயுஷ், கடவுளின் ரொட்டி. மெத்தென்ற பன், தலையில் தேங்காய்த் துருவலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட பொன்னிறத் தொப்பி. நம் ஊர்த் தேங்காய் பன்னில் தேங்காய் உள்ளே ஒளிந்திருக்கும், இங்கே கூரை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தின்றுகொண்டே அரை மணி நேரம் மழையைப் பார்த்தோம். கடையில் கிழவிகள் இரண்டு பேர், ஆளுக்கொரு கலாவ், தலைக்கு மேல் டிவியில் செய்தி, யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கைதுடைக்க வைத்திருக்கும் தாள் மட்டும் மோசம். மெழுகுத்தாள் மாதிரி, வெண்ணெயைத் துடைக்காது, இடம்தான் மாற்றும்.

சனி

சிந்த்ராவுக்கு ரயிலில் போய் வந்தோம். அரண்மனை, கூட்டம், ஏற்றம். அங்கே பாதாம் வைத்த த்ரவெஸ்ஸெய்ரு, அதாவது தலையணை. நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் லிஸ்பனில் ஒரு பூங்காவில், எட்டுப்பட்டை இரும்புப் பெட்டிக்கடை ஒன்றில் கபிலெ குடித்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெட்டிக்கடைகள் பாழடைந்து கிடந்து, 2009 வாக்கில் மறுபடி உயிர்பெற்றவை. கபிலெ என்பது ஒருவகைப் பெரணி இலையிலிருந்து எடுத்த பாகு, ஆரஞ்சுப்பூ மணம், குளிர்ந்த தண்ணீர். ஒரே வாயில் சித்தி சொன்னது: "நன்னாரி." இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நன்னாரிதான்.

ஞாயிறு

மதியம் விமானம். எட்டு மணிக்குப் பெட்டி கட்டி முடித்து இறங்கினோம். முக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கி, கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒட்டிய நேரப் பலகையில் ஞாயிறு விடுமுறை. ஐந்து நாளாக அதைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறோம்.

அடுத்த தெருவில் இன்னொன்று திறந்திருந்தது. அதே கண்ணாடிப் பெட்டி, அதே மெழுகுத்தாள். இம்முறை நான் வாயே திறக்கவில்லை. சித்தி டைரியைப் பார்க்காமல், "பொம் தியா. ஊமா மையா த லைத், ஊமா பிக்கா, ஊமா தொர்ராதா" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் "சே ஃபாஷ் ஃபவோர்" என்று மரியாதையும் சேர்த்தார். தொர்ராதாவை மட்டும் 'தூரதா' என்றார். கவுண்டரில் இருந்த பெண் தலையாட்டினாள். அவள் இவரை மெனினா என்று கூப்பிடவில்லை. சித்தி அதையும் கவனித்தார்.

காபி சரியாக வந்தது. டோஸ்டும் வந்தது. அதே தடிமன், அதே உப்பு வெண்ணெய், நன்றாக ஊறியும் இருந்தது. ஆனால் இந்தக் கடையில் நெடுக்க ஒரே வெட்டு, இரண்டு பாதி.

சித்தி தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நடுத்துண்டு எங்க ஏட்டி?"